இடது கால் முப்பத்தொன்பது

திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு என் கணவர் என்னைக் கண்டுபிடித்துவிட்டார். ஆள் வரவில்லை. பேன்ட் வந்தது.

முதலில் கடையைச் சொல்லிவிடுகிறேன். நான் வேலை செய்வது ஒரு ஆல்டரேஷன் கடையில். புதிதாக எதையும் தைக்க மாட்டோம். நீளத்தைக் குறைப்போம், இடுப்பைப் பிடிப்போம், ஜிப் மாற்றுவோம், சதை போட்டவர்களுக்குப் பிரித்துவிடுவோம். முன்னால் மணி கட்டிய கண்ணாடிக் கதவு, ஒரு கவுன்டர், போட்டுப் பார்க்கத் திரை மறைத்த ஒரு மூலை. நடுவில் ஆள் உயரத்துக்குப் பிளைவுட் தடுப்பு. தடுப்புக்குப் பின்னால் இரண்டு மெஷின், இஸ்திரி மேசை, நான். எனக்குப் பின்னால் சந்துக்குத் திறக்கிற ஒரு இரும்புக் கதவு. அந்தக் கதவைப் பார்த்துத்தான் இந்த வேலைக்கே சேர்ந்தேன். சம்பளம் எவ்வளவு என்பதையே மறுநாள்தான் கேட்டேன்.

கடை நடத்தும் அக்காவுக்கு ஐம்பது வயது. எதைக் கொண்டுவந்து நீட்டினாலும் "அஞ்சு நிமிஷம் தம்பி" என்பதால் தெருவில் அவருக்கு அஞ்சு நிமிஷ அக்கா என்றே பெயர். அந்த அஞ்சு நிமிஷம் சமயத்தில் மூன்று நாள் ஆகும். சேர்ந்த அன்று நான் ஒரே ஒரு நிபந்தனை சொன்னேன். முன்னால் வந்து நிற்க மாட்டேன், வருகிறவர்களோடு பேச மாட்டேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எனக்கு வேண்டியது உன் கை. மூஞ்சி எதுக்கு? பின்னாடி உக்காந்து ஒழுங்கா தை" என்றார்.

ஏன் என்று கேட்கவில்லை. ஏழு மாதமாகியும் கேட்கவில்லை.

அக்கா முன்னால் நின்று அளவெடுத்து, ஒரு சீட்டில் எழுதி, துணியில் குண்டூசியால் குத்தித் தடுப்புக்கு மேலாக என் பக்கம் போடுவார். ஆளை நான் பார்ப்பதில்லை. சீட்டைத்தான் பார்ப்பேன். இந்தத் தெருவில் பாதிப் பேரின் முகம் எனக்குத் தெரியாது. இடுப்பு தெரியும்.

அன்று வந்து விழுந்தது ஒரு கருநீலப் பேன்ட். சீட்டில் அக்காவின் கோழிக் கிறுக்கல். இடுப்பு 36. தையல் வெளியே தெரியக் கூடாது. இரண்டு காலும் ஒரே நீளம் இல்லை, கவனம். வலது 38.

அதற்குக் கீழேயும் ஏதோ எழுதியிருந்தது. நான் படிக்கவில்லை. இனிமேல் என்ன படிக்க? இடுப்பு முப்பத்தாறு, வலது முப்பத்தெட்டு, இடது முப்பத்தேழரை, கருநீலம், தையல் வெளியே தெரியக் கூடாது. பதினொரு வருஷம் இந்தப் பேன்ட்டைத்தான் நான் தைத்துக்கொண்டிருந்தேன்.

தடுப்பில் ஒரு ஆணி ஓட்டை உண்டு. அதில் கண்ணை வைத்துப் பார்த்தேன். கதவில் மணி ஆடிக்கொண்டிருந்தது, ஆள் போய்விட்டிருந்தார்.

"இது யாரு குடுத்ததுக்கா?" என்று இந்தப் பக்கமிருந்தே கேட்டேன்.

"யாரோ ஒரு தம்பி. புதுசு."

"எத்தனை வயசிருக்கும்?"

"நாப்பது, நாப்பத்தஞ்சு. ஏன், மாப்பிள்ளை பாக்கறியா?"

"எப்படிப் பேசினார்?"

"வாயாலதான் பேசினான். நல்ல மரியாதையான புள்ள. வியாழக்கிழமை அஞ்சு மணிக்கு வர்றேன்னு சொல்லியிருக்கான்."

மரியாதையான பிள்ளை. அதுவும் சரியாகத்தான் இருந்தது. என் கணவரைப் பார்த்த யாரும் முதலில் சொல்வது அதைத்தான்.

அவரைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு இன்னும் 'அவர்' என்றுதான் வருகிறது. என் தங்கச்சி 'அந்தாளு' என்பாள். என்னையும் அப்படிச் சொல்லச் சொல்லித் திட்டுவாள். என்ன செய்வது, நாக்குக்கு மட்டும் இன்னும் விவாகரத்துக் கிடைக்கவில்லை.

அவர் கத்துகிறவர் இல்லை. கத்துகிறவரோடு குடித்தனம் நடத்துகிற பெண்ணுக்காக அக்கம்பக்கத்தில் நாலு பேராவது உச்சுக் கொட்டுவார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவருடைய கோபத்துக்கு மூன்று கட்டம். முதல் கட்டத்தில் ஸ்கேல் வரும். நான் மடித்துத் தைத்த பேன்ட்டைக் கட்டிலில் விரித்து, ஸ்கேலை வைத்து அளந்து, "இங்க பாரு" என்பார். அவ்வளவுதான். பிறகு பிளேடு எடுத்துத் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்து, என் தலையணை மேல் வைத்துவிட்டுப் போவார். இரண்டாவது கட்டம் மௌனம். மூன்று நாளோ மூன்று வாரமோ, சொல்ல முடியாது. அந்த நாட்களில் நான் சாதத்தைப் போட்டால் சாப்பிடுவார், என் முகத்தைப் பார்க்க மாட்டார். பிறகு ஒருநாள் சாதாரணமாகப் பேச ஆரம்பிப்பார். முடிந்துவிட்டது என்று நாமும் மூச்சு விடுவோம். அப்போதுதான் மூன்றாவது கட்டம் வரும்.

தங்கச்சி கல்யாணத்தன்று புடவை கட்டி, பூ வைத்து, செருப்பைக்கூட மாட்டிவிட்டேன். கதவுக்கு முன்னால் நின்றுகொண்டு, "போன மாசம் இடது கால்ல ரெண்டு நூல் ஏத்திட்ட. அதுக்கு நீ இன்னும் பதில் சொல்லல" என்றார். இரண்டு நூல் என்பது தையல் கணக்கில் கால் அங்குலம். நான் பதில் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். மறுபடியும் சொன்னேன். பதில் சரியில்லை என்று கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தங்கச்சி கல்யாணத்தை நான் போட்டோவில் பார்த்தேன்.

இப்படி வாழ்ந்தால் ஒரு பழக்கம் வந்துவிடும். ஒரு கோபம் நடந்தால், அதோடு அது முடியாது, மீதி எங்கேயோ வந்துகொண்டிருக்கிறது என்று உடம்பே எதிர்பார்க்க ஆரம்பித்துவிடும். ஏழு மாதத்துக்கு முன்னால், அவர் குளித்துக்கொண்டிருந்தபோது ஒரு பையோடு கிளம்பி, மூன்று பஸ் மாறி இங்கே வந்தேன். நான் இருக்குமிடம் தங்கச்சிக்கும் வக்கீலுக்கும் மட்டும்தான் தெரியும். கிளம்பினது பெரிய கோபத்துக்கான விஷயம். அதன் மூன்றாவது கட்டம் இன்னும் பாக்கி இருக்கிறது என்று ஏழு மாதமும் எனக்குத் தெரியும். திங்கட்கிழமை அது கருநீல நிறத்தில் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சந்துப் பக்கம் நின்று தங்கச்சிக்குப் போன் போட்டேன்.

"அக்கா, உலகத்துல அந்தாளுக்கு மட்டும்தான் ரெண்டு கால் இருக்கா?" என்றாள்.

"அளவு அப்படியே இருக்குடி. தையல் வெளியில தெரியக் கூடாதுன்னு எழுதியிருக்கு."

"தையல் வெளியில தெரியணும்னு எவன் எழுதுவான்?"

அவள் சொல்வதில் நியாயம் இருந்தது. ஆனால் பயந்தவளிடம் நியாயம் பேசி என்ன ஆகப்போகிறது! நான் அழுதேன். அழுகையைக் கேட்டதும் அவளுடைய கிண்டல் அடங்கிவிட்டது. நாளைக்கு அவர் ஆபீசுக்கு யாரோ மாதிரிப் போன் செய்து விசாரிக்கிறேன், அதுவரை கண்டபடி யோசிக்காதே என்றாள். நான் வேறெதையும் யோசிக்கவில்லை.

அன்று மத்தியானமே அந்தப் பேன்ட்டைத் தைக்க உட்கார்ந்தேன். ஏன் தைத்தாய் என்று பிறகு தங்கச்சி கேட்டாள். நியாயமான கேள்விதான். என்னைத் தேடிப் பிடித்து ஒருவர் வருகிறார், நான் ஓடவேண்டியதுதானே? ஓடுவதற்கும் முன்னால் அந்தப் பேன்ட் சரியாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அளவு பிசகினால் இன்னும் மோசமாகும் என்று கை தானாக வேலை செய்தது. சாக்கட்டியால் கோடு போட்டேன். வலது முப்பத்தெட்டு, இடது முப்பத்தேழரை. மடிப்புக்கு இரண்டு இஞ்ச் விட்டு, மீதியை வெட்டினேன். மெஷினில் போடவில்லை, கையால் தைத்தேன். ஒரு முறை தைத்துப் பிரித்தேன். இரண்டாம் முறையும் பிரித்தேன். மூன்றாம் முறை தைத்துமுடித்து ஸ்கேல் வைத்து அளந்தபோது கழுத்தெல்லாம் வேர்த்துவிட்டது. எட்டிப் பார்த்த அக்கா, "ராஜா வீட்டுப் பேன்ட்டா அது? இன்னும் நாலு உருப்படி கெடக்கு" என்றார்.

சீட்டை நான் திரும்பப் பார்க்கவே இல்லை. தையல் வேலையில் இதைவிடப் பெரிய தப்பு கிடையாது. சீட்டைப் பார்க்காமல் ஒரு நூல்கூட வெட்டக் கூடாது என்று யாருக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை தங்கச்சி போன் செய்தாள். குரலில் கிண்டல் இல்லை.

"அக்கா, நீ பயப்படாத. நான் சும்மா சொல்றேன். அந்தாளு லீவ்ல இருக்காராம். திங்கட்கிழமையிலேருந்து."

திங்கட்கிழமையிலிருந்து. பதினொரு வருஷத்தில் அவர் லீவு போட்டு நான் பார்த்ததே இல்லை. காய்ச்சலோடு ஆபீஸ் போகிற மனுஷன்.

"நான் கெளம்பி வரட்டுமா?" என்றாள்.

"வேண்டாம். நீ வந்தா உன் பின்னாடியே வந்துடுவார்."

"அக்கா, பேன்ட்டையே குடுத்துட்டுப் போயிட்டாருங்கற. அப்புறம் என் பின்னாடி ஏன் வரணும்?"



என் அறை கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு வீட்டு மாடியில். ஒரு ஜன்னல், ஒரு பல்பு, ஒரு ஸ்டவ். பெருமைப்பட்டுக்கொள்ள அதில் ஒன்றுமில்லை. ஆனால் அங்கே நான் ஒரு டம்ளரை மேசையின் எந்த மூலையில் வைத்தாலும் அது அங்கேயே இருந்தது. ஏன் அங்கே வைத்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. வந்த முதல் மாதம் டம்ளரைச் சும்மாவே இடம் மாற்றி வைத்துப் பார்த்திருக்கிறேன். பைத்தியக்காரத்தனம்தான். புதன்கிழமை சாயங்காலம் துணிகளைப் பையில் அடுக்கும்போது அந்த மேசையைப் பார்த்து எனக்குத் தாங்கவில்லை. வியாழக்கிழமை ஓடினால் இந்த அறை, இந்த வேலை, இந்த ஏழு மாதம் எல்லாம் போச்சு. மறுபடி ஒரு ஊர், மறுபடி பின்கதவு இருக்கிற ஒரு வேலை. ஓடாவிட்டால் அவர். இரண்டில் ஒன்றுதான். நாலு மணிக்குப் பின்கதவு வழியாகக் கிளம்புவது, நாலரை பஸ்ஸைப் பிடிப்பது என்று முடிவு செய்தேன்.

வியாழக்கிழமை பையைக் கடைக்குக் கொண்டுபோய் இஸ்திரி மேசைக்கு அடியில் தள்ளிவைத்தேன். அக்கா பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பிப் போய்க் கவுன்டரைத் துடைத்தார். அன்று நான் தைத்ததெல்லாம் கோணல். மணி அடிக்கும்போதெல்லாம் இரும்புக் கதவைப் பார்த்தேன். பள்ளிக்கூட யூனிபார்ம் வாங்க வந்த ஒரு அம்மாவுக்குக்கூட நடுங்கினேன்.

மூன்றரைக்கு மணி அடித்தது.

"அக்கா, சீக்கிரம் வந்துட்டேன். பேன்ட் ரெடியா?"

குரல் கனமாக, கொஞ்சம் கரகரப்பாக இருந்தது. அவருடைய குரல் இல்லை. என் காதுக்கு நன்றாகத் தெரிந்தது, அவர் குரல் இல்லை. ஆனாலும் நான் பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஆணி ஓட்டையில் பார்க்கத் தைரியம் வரவில்லை. அவர் யாரையாவது அனுப்பியிருக்கலாம். அப்படியும் செய்யக்கூடியவர்தான்.

"அஞ்சு நிமிஷம் தம்பி" என்று சொல்லிவிட்டு அக்கா பேன்ட்டை எடுத்துக் கொடுத்தார். திரைவளையங்கள் கிறீச்சிட்டன.

"என்னங்க இது!"

நான் இரும்புக் கதவின் தாழ்ப்பாளில் கை வைத்திருந்தேன்.

"அக்கா, வந்து பாருங்க. கணுக்கால் தெரியுது! இடது கால் முப்பத்தொம்பதுன்னு நீங்கதானே எழுதினீங்க? நான் பாக்கப் பாக்க எழுதினீங்க!"

முப்பத்தொன்பது. தாழ்ப்பாளை விட்டுவிட்டுச் சீட்டைத் தேடினேன். மெஷினுக்கு அடியில் நூல் குப்பையோடு கிடந்தது. வலது 38. அதற்குக் கீழே, நான் படிக்காத வரியில், இடது 39.

குட்டையான கால் வலது கால். என் கணவருக்குக் குட்டையானது இடது கால். நான் வேறொரு மனிதனின் பேன்ட்டை என் புருஷன் அளவுக்கு வெட்டிவைத்திருந்தேன். ஒன்றரை இஞ்ச்.

"ஏம்மா, இங்க வா" என்றார் அக்கா.

ஏழு மாதத்தில் ஒருநாளும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. போகாமல் பின்பக்கமாக ஓடியிருக்கலாம். கதவு இரண்டடியில் இருந்தது. ஆனால் தப்பு செய்தால் கூப்பிட்ட இடத்துக்குப் போய் நின்றுவிட வேண்டும், தாமதித்தால் மோசம் என்று எனக்குப் பழகியிருந்தது. போய் நின்றேன்.

கண்ணாடிக்கு முன்னால் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். முன்வழுக்கை, கையில் மடக்குக் கைத்தடி. என் கணவர் ஜாடை மருந்துக்கும் இல்லை. வலது பக்கப் பேன்ட் அழகாகத் தரையைத் தொட்டது. இடது பக்கம் கணுக்கால் எலும்பும் சாக்ஸின் பட்டையும் தெரிந்தன. முகம் சிவந்திருந்தது.

"இவங்கதான் தச்சாங்களா? ஏங்க, சீட்டுன்னு ஒண்ணு எதுக்கு எழுதறது? நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு நான் டியூட்டிக்குப் போகணும். ஒரு வருஷம் கழிச்சுப் போறேன். ஹோட்டல் ரிசப்ஷன்ல நாள் பூரா நிக்கணும், வர்றவன் போறவன் எல்லாம் பாப்பான். கால் வித்தியாசம் தெரியக் கூடாதுன்னுதான் உங்ககிட்ட வந்தேன். நீங்க என்னடான்னா ஊருக்கே போர்டு மாட்டி வெச்சிருக்கீங்க!"

கத்தினார். உண்மையாகவே கத்தினார். தெருவில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார். வாய் தானாகத் திறந்து, மனப்பாடமாக ஒப்பித்தது.

"தப்பு என்மேலதான். எனக்குக் கவனம் இல்ல. எனக்கு எப்பவும் கவனம் இல்ல. நீங்க சொல்றது சரிதான். இனிமே இப்படி நடக்காது. எனக்குப் புத்தி இல்ல, நான் வேணும்னு பண்ணல, மன்னிச்சிடுங்க, தப்பு என்மேலதான்..."

சொல்லிக்கொண்டே போனேன். நிறுத்தத் தெரியவில்லை. பேன்ட்காரர் கொஞ்சம் பின்வாங்கினார்.

"ஏங்க, இருங்க. புத்தி இல்லன்னு நான் எப்ப சொன்னேன்? பேன்ட் குட்டையாயிடுச்சுன்னேன். இத சரி பண்ண முடியுமா முடியாதா? அத சொல்லுங்க மொதல்ல."

அந்தக் கேள்வி எனக்குப் புரியவே நேரமெடுத்தது. பதினொரு வருஷத்தில் ஒருமுறைகூட என்னிடம் கேட்கப்படாத கேள்வி அது. என் கணவருக்குச் சரிசெய்வது ஒருநாளும் வேண்டியிருந்ததில்லை. இந்த மனிதருக்குப் பேன்ட் வேண்டும். கோபம் பேன்ட் மேல்தான்.

"முடியும்" என்றேன். "மடிப்புக்கு ரெண்டு இஞ்ச் விட்டிருக்கேன். ஒண்ணரை இஞ்ச் எறக்கிட்டா அரை இஞ்ச் மிச்சமிருக்கும். வெட்டின துண்டு இருக்கு, அத உள்பக்கம் பட்டியா வெச்சுத் தச்சுடலாம். வெளியில தெரியாது. பழைய மடிப்புக் கோடு மட்டும் தெரியும். வினிகர் தொட்டு இஸ்திரி போட்டா அதுவும் போயிடும்."

ஒப்பித்ததைக் கழித்தால், ஏழு மாதத்தில் கடைக்கு வந்த ஒருவரிடம் நான் பேசிய முதல் பேச்சு இதுதான்.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"அஞ்சு நிமிஷம் தம்பி" என்றார் அக்கா.

"நாப்பது நிமிஷம்" என்றேன் நான்.

அவர் பெருமூச்சு விட்டு, திரைக்குப் பின்னால் போய்ப் பழைய பேன்ட்டுக்கு மாறி வந்து, ஸ்டூலில் உட்கார்ந்தார். அக்கா எதிர்க் கடையில் டீ சொன்னார். நான் குப்பைப் பையைக் கொட்டிக் கருநீலத் துண்டைத் தேடி எடுத்து, தையலைப் பிரிக்க ஆரம்பித்தேன். ஊசி இரண்டு முறை விரலில் ஏறியது. முன்னால் அவர் அக்காவிடம் விபத்துக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். லாரி, ஆபரேஷன், இடுப்பில் கம்பி, ஒரு இஞ்ச் குறைந்துபோன கால். நடுநடுவே, "இந்த டீயில சர்க்கரையே இல்லக்கா" என்றார். டீ குடிக்கிறாரே என்று எனக்கு ஆச்சரியம். இவ்வளவு கத்திய மனுஷன் எப்படி அதற்குள் டீ குடிக்கிறான்?

நாற்பத்தைந்து நிமிஷம் ஆனது. போட்டுப் பார்த்தார். கண்ணாடி முன்னால் இரண்டு எட்டு நடந்தார். "ம்" என்றார். "அடுத்த தடவை சீட்டைப் பாத்து வெட்டுங்க" என்று முறைப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். நாலரை பஸ் போய்விட்டிருந்தது. பையைத் தூக்கிக்கொண்டு அறைக்குத் திரும்பினேன்.

மறுநாள் தங்கச்சி போன் செய்து விழுந்து விழுந்து சிரித்தாள். "அந்தாளுக்குக் கடைவாய்ப் பல்லு புடுங்கியிருக்காங்களாம், மூஞ்சி பூசணிக்காய் மாதிரி வீங்கிக்கெடக்காம். அதுக்குத்தான் லீவு! நல்ல டாக்டர், கடவுள் அவருக்கு ஆயுசக் குடுக்கட்டும்."

நானும் சிரித்தேன். ஆனால் நிம்மதி வரவில்லை. என் கணவர் வரவில்லை என்பது மூளைக்கு எட்டிவிட்டது. இப்போது பயம் பேன்ட்காரர் பக்கம் தாவியிருந்தது. அவர் கோபத்தின் மீதி எங்கே? முதல் கட்டம் முடிந்தது, கத்தினார். இப்போது மௌனம் நடக்கிறது. அடுத்தது வந்தாக வேண்டும். ஹோட்டலில் யாராவது காலைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள், பட்டி உறுத்தியிருக்கும், தையல் விட்டிருக்கும், மறுபடி வருவார், இம்முறை மெதுவாகப் பேசுவார். வெள்ளிக்கிழமை காத்திருந்தேன், சனிக்கிழமை காத்திருந்தேன். ஞாயிறு கடை விடுமுறை. அறையில் உட்கார்ந்து காத்திருந்தேன். பையைப் பிரிக்கவில்லை.

திங்கட்கிழமை வந்தார்.

ஆணி ஓட்டையில் பார்த்தேன். கைத்தடியைக் கவுன்டரில் சாய்த்துவிட்டு, பையிலிருந்து இரண்டு கருநீலப் பேன்ட்டுகளை எடுத்து அக்காவிடம் நீட்டினார். "யூனிபார்ம் இன்னும் ரெண்டு குடுத்துட்டாங்கக்கா. அன்னிக்குத் தச்சாங்களே, அவங்களே தைக்கட்டும்."

இதில் ஏதோ இருக்கிறது என்று நினைத்தேன். அவங்களே தைக்கட்டும். என்னைச் சோதிக்கிறார். உள்ளே உட்கார்ந்து இன்னொரு வாரம் இப்படிக் காத்திருக்க என்னால் ஆகாது என்று தோன்றியது. எழுந்து, கூப்பிடாமலே முன்னால் போனேன். அக்கா கையில் டேப்போடு வாயைப் பிளந்து பார்த்தார்.

"சார், நீங்க இன்னும் கோபமாத்தான் இருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"கோபமா? எதுக்கு?"

நடிக்கிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். நெற்றியைச் சுருக்கி உண்மையாகவே யோசித்தார். யோசித்து, பிறகு அவருக்கு ஞாபகம் வந்தது. என் கண் முன்னாலேயே வந்தது, நான் பார்த்தேன்.

"ஓ, அந்தப் பேன்ட்டா! அது அன்னிக்கே முடிஞ்சுபோச்சேம்மா. சரி பண்ணிக் குடுத்துட்டீங்களே."

மறந்துவிட்டிருக்கிறார். ஒன்றரை இஞ்ச், நான்கே நாளில், ஒரு டீயோடு மறந்துவிட்டிருக்கிறார். என் வீட்டில் இரண்டு நூலுக்குக் கதவு பூட்டப்பட்டது. அது என் கையின் தப்பு, என் கண்ணின் தப்பு, நான் இன்னும் கொஞ்சம் சரியாகத் தைத்திருந்தால் நடந்திருக்காது என்று ஏழு மாதமாக, இந்தத் திங்கட்கிழமை வரை, நான் நம்பிக்கொண்டிருந்தேன். எனக்குக் கோபம் வந்தது. எவ்வளவு காலத்துக்குப் பிறகு! பல்லைப் பிடுங்கிக்கொண்டு கட்டிலில் படுத்திருக்கிற ஒரு ஆளுக்குப் பயந்து நான் எதற்காக என் அறையைக் காலி செய்யவேண்டும்? நான் போக மாட்டேன். வந்தால் வரட்டும், ஒரு கை பார்க்கிறேன். பயம் அப்போதும் இருந்தது. ஆனாலும் போக மாட்டேன்.

இதையெல்லாம் நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. கவுன்டரைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.

பேன்ட்காரர் பதறிப்போனார். கைத்தடி சரிந்து விழுந்தது.

"அக்கா, நான் ஒண்ணுமே சொல்லலியேக்கா!"

"நீ ஒண்ணும் சொல்லல தம்பி" என்றார் அக்கா, என் தோளில் கை வைத்துக்கொண்டு. "அதனாலதான் அழறா."